ஒஸ்தாவின் கல்: ஒரு தேய்வை வாசித்தல்

நமது சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாகத் தேடிச் செல்பவை பள்ளிவாசல் குறிப்புப் புத்தகங்கள், காணி உறுதிகள், மீஸான் கற்கள், அரபுத்தமிழ் ஏடுகள். இவற்றில் பெயர் பதிந்தவர்களுக்கு வரலாறு கிடைத்துவிடுகிறது. பெயர் பதியாதவர்களை எங்கே தேடுவது? ஊரின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் வாழ்நாளில் ஒரு தடவையாவது தன் கைக்குள் வைத்திருந்த ஒருவர் நம் ஊர்களில் இருந்தார். அவர்தான் ஒஸ்தா. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருடைய கல் ஒன்று மூன்று வாரம் என் மேசையில் இருந்தது. அந்தக் கல்லை நான் எப்படிப் பார்த்தேன், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டேன் என்பதே இக்கட்டுரை.

பெட்டி வந்த கதை

சென்ற ரமழானுக்குச் சில நாட்கள் முன்னர், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் வீட்டுக்கு வந்தார். இப்போது ஊரில் சலூன் வைத்திருக்கிறார். கையில் துணிப்பை, அதற்குள் ஒரு மரப்பெட்டி. உள்ளே வரச் சொல்லியும் விறாந்தையிலேயே நின்றார்.

"சேர், இது மூத்தாப்பாட பெட்டி. வாப்பா கடல்ல எறியச் செல்றாரு. கொழும்புல இருந்து ஒரு ஆள் வந்து வெல கேட்டுட்டுப் போனாரு. கல்லு பள்ளமாக் கெடக்காம், மட்டமாக்கிக் குடுத்தா கூடத் தருவாராம். நீங்க ஒருக்காப் பாத்துச் செல்லுங்க, இது நல்ல கல்லா, பழுதாப் போன கல்லா?"

பெட்டிக்குள் இரண்டு தீட்டுக்கற்கள், ஒரு மடக்குச் சவரக்கத்தி, தோல்வார் ஒன்றின் பாதி. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது இந்தப் பெட்டி அலுமாரிக்கு அடியில் சிக்கி, மூன்றாம் நாள் மணலுக்குள் இருந்து எடுக்கப்பட்டதாம். சுன்னத்துக் கத்தி பெட்டியில் இல்லை. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தொடங்கிய காலத்தில் மூத்தாப்பாவே அதைத் துணியில் சுற்றிக் கடலில் போட்டுவிட்டார் என்று பேரன் சொன்னார்.

போகும்போது ஒரு வேண்டுகோள் வைத்தார். "எழுதினீங்கண்டா எங்கட பேரப் போடாதீங்க சேர். தங்கச்சிக்கு இன்னம் ஒண்டும் சரிவரல்ல."

இந்த ஒரு வசனத்துக்குள்ளேயே ஒரு சமூக வரலாறு இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பெயரும் தொழிலும்

பாரசீகத்தில் 'உஸ்தாத்' என்றால் ஆசான், தொழில் தேர்ந்தவர். அச்சொல் அரபிக்கும் சென்று 'உஸ்தாத்' ஆகி இன்றும் மதிப்போடு வாழ்கிறது. நமது 'ஒஸ்தா', தமிழகக் கரையோர முஸ்லிம்களின் 'ஒசா', கேரள மாப்பிள்ளைகளின் 'ஒஸ்ஸான்' எல்லாம் ஒரு வேரின் கிளைகளாகவே தோன்றுகின்றன. பாரசீகத்திலும் உருதுவிலும் சவரக்கத்தியைக் குறிக்கும் 'உஸ்தரா' என்ற சொல்லோடு இதை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. உருது வழக்கிலும் நாவிதரை 'உஸ்தா' என்று அழைக்கும் பழக்கம் இருப்பதே காரணம். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவரையும், தலை இறக்குபவரையும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்களால் அழைக்கிறோம். முதலாமவர் வந்தால் எழுந்து நிற்கிறோம். இரண்டாமவரை விறாந்தையில் இருத்துகிறோம்.

மார்க்கத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடம் எங்கே இருக்கிறது? விருத்தசேதனம், மயிர் களைதல், மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல் முதலிய ஐந்தும் இயற்கை நெறியைச் சேர்ந்தவை என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நபியவர்களின் இறுதி ஹஜ்ஜில் முடி களைந்தவர் முதலில் வலப்புறத்தையும் பின்னர் இடப்புறத்தையும் களைந்தார் என்பதுவரை ஸஹீஹ் முஸ்லிம் பதிந்து வைத்திருக்கிறது. குர்பானி கொடுக்கும் வேளையில் ஆயிஷா நாயகியிடம் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கல்லில் தீட்டும்படி நபியவர்கள் பணித்ததும் அதே நூலில் வருகிறது. ஆக, கத்தியைக் கல்லில் தீட்டும் வேலை நபியின் இல்லத்தில் நடந்த வேலை. தமிழில் 'தீட்டு' என்ற சொல்லுக்குக் கூர்மையாக்கு என்றும் பொருள் உண்டு, தீண்டாமை சார்ந்த அசுத்தம் என்றும் பொருள் உண்டு. நமது ஊர்களில் முதலாவது பொருளுக்குரிய மனிதரின் மேல் இரண்டாவது பொருளும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே ஒஸ்தாக்களின் தாழ்த்தப்பட்ட நிலையைக் குறித்திருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர் கண்டு எழுதியதை நாம் உள்ளேயிருந்து எழுதத் தயங்குகிறோம்.

கல்லை அடையாளம் காணல்

பழைய பொருள் கைக்கு வந்ததும் நாம் செய்யும் முதல் பிழை அதைக் கழுவுவது. பேரனிடம் நல்ல வேளையாக அப்படிச் செய்யவில்லையா என்று கேட்டேன். "தூசி மட்டும் தட்டின" என்றார். கல்லின் மேல் படிந்திருக்கும் எண்ணெய், சவர்க்காரம், உருக்குத் துகள் எல்லாம் சாட்சிகள். பெட்டி, லேபல் துண்டு, பசைத் தடம் எதையும் தள்ளிவைக்கக் கூடாது. முதலில் உலர்ந்த துணி, பிறகு ஒரு மூலையில் மட்டும் ஈரத்துணி. இந்த ஒழுங்கில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய கல் ஏழு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். மேற்பக்கம் மோர் கலந்த மஞ்சள் நிறம், கீழ்ப்பக்கம் ஊதா படர்ந்த கறுப்பு. ஓரங்கள் நேராக வெட்டப்பட்டிருந்தாலும் மஞ்சளுக்குள் மெல்லிய இழைகள் வளைந்து ஓடுகின்றன. அச்சில் வார்த்த கல்லில் இப்படி இழை ஓடாது. ஈரமான மூலையைச் சிறு கல்துண்டினால் தேய்த்தபோது பால்போல வெள்ளைக் குழம்பு வந்தது. இந்த அடையாளங்கள் எல்லாம் ஓரிடத்தைக் காட்டுகின்றன: பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதி, வியல்சால்ம் பட்டினத்தைச் சுற்றிய சுரங்கங்கள். அங்கே 'கோட்டிக்யூல்' என்று அழைக்கப்படும் மஞ்சள் கல்லில் கண்ணுக்குத் தெரியாத கோமேதக இனப் படிகங்கள் மைக்காவுக்குள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. உருக்கை அறுப்பவை அந்தப் படிகங்களே. மஞ்சள் படலம் மெல்லியதாகவும் எளிதில் உடையக் கூடியதாகவும் இருப்பதால் அதற்குக் கீழே கருங்கற்பலகை ஒன்றை ஒட்டி விற்பார்கள். சிலவேளை இரண்டும் நிலத்துக்குள்ளேயே ஒட்டிப் பிறந்திருக்கும். ஆகவே இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு நேராக, பசை தெரிய இருந்தால் ஒட்டியது. இந்தக் கல் ஒட்டியது. கடல்நீர் புகுந்ததில் ஒரு மூலையில் பசை விட்டு, நகம் நுழையும் அளவு வாய் பிளந்திருக்கிறது.

சிறிய கல் வேறு இனம். ஒரே சாம்பல் நிறம், இழையில்லை, நான்கு விளிம்பும் ஒரேயளவு சாய்வு, முகத்தில் அழுத்திய எழுத்து. செயற்கைக் கல். 1890களில் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் காபரண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நமது தச்சர்கள் இன்றும் சொல்லும் 'காபரண்டம் கல்' அதுவே. அந்தத் தசாப்தங்களில் சவரத் தொழிலாளருக்கென்றே அளவெடுத்த வார்ப்புக் கற்கள் உலகெங்கும் போயின. அவற்றில் பெயர்பெற்றது ஸ்வாட்டி. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள மரிபோர் நகரத்தில் செய்யப்பட்டது. இந்தச் சிறிய கல்லில் ஸ்வாட்டி என்ற பெயரும், கீழே யூகோஸ்லாவியா என்பதன் முதற்பாதியும் வாசிக்கக் கூடியதாக இருக்கின்றன.

இங்கே ஒரு காலக்கணிப்பு கிடைக்கிறது. மரிபோர் 1918 வரை ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்குள் மார்பேர்க் என்ற பெயரோடு இருந்தது. அதன் பின்னர் வந்த தெற்கு ஸ்லாவிய இராச்சியம் 1929 இல்தான் யூகோஸ்லாவியா என்ற பெயரை உத்தியோகபூர்வமாக ஏற்றது. ஆகவே இந்தக் கல் 1929க்கு முற்பட்டதாக இருப்பது அரிது. கத்தியும் ஒத்த சாட்சி சொல்கிறது. ஷெஃபீல்ட் ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும் அதன் அடித்தண்டில் இருக்கின்றன. கீழே, மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்வோர் என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள். அரசி என்று இல்லை, மன்னர் என்று இருக்கிறது. எனவே விக்டோரியா காலமான 1901க்குப் பின்னர், இரண்டாம் எலிசபெத் அரசியான 1952க்கு முன்னர். சிலுவைக் குறி பதித்த கத்தியால்தான் ஊரின் நாற்பதாம் நாள் முடிகள் எல்லாம் இறங்கியிருக்கின்றன. எவரும் அதைக் கவனித்துப் பிரச்சினை ஆக்கியதாகப் பெரியவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தேய்வை அளத்தல்

அடையாளம் கண்டபின் நிலைமையைப் பார்க்க வேண்டும். கல் ஒன்று நல்லதா பழுதா என்பதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, வெடிப்பு. கல்லை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து மறுகையின் முட்டியால் தட்ட வேண்டும். முழுக்கல் கணீரென்று பேசும். உள்ளே பிளவு இருந்தால் சத்தம் செத்து விழும். ஒட்டிய கல்லுக்கு இந்தச் சோதனை அவ்வளவு பொருந்தாது, பசை சத்தத்தை விழுங்கிவிடும். அதற்கு நீர்ச் சோதனை: முகத்தை நனைத்து உலர விட்டால் மற்ற இடம் காய்ந்த பிறகும் வெடிப்பு மட்டும் கறுத்த நூல்போல நிற்கும். பெரிய கல்லில் அப்படி நூல் எதுவும் தெரியவில்லை. சிறிய கல் தட்டியதும் செத்த சத்தம் கொடுத்தது, குறுக்கே ஒரு நூலும் நின்றது. அது உள்ளே உடைந்த கல்.

இரண்டாவது, விளிம்பு. நகத்தை ஓரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடக்கினால் கத்தியும் தடக்கும், கூர் பல்லுப் பல்லாகப் போகும். பெரிய கல்லின் விளிம்புகள் நான்கும் வழுவழுவென்று உருண்டிருக்கின்றன. வேண்டுமென்றே உருட்டப்பட்டவை. செய்தவர் தொழில் தெரிந்தவர்.

மூன்றாவது, முகம். தீட்டத் தீட்ட உருக்குத் துகள் கல்லின் துளைகளில் ஏறிச் சாம்பல் நிறமாகப் பளபளக்கும். பளபளப்பு அழகாகத் தோன்றும். ஆனால் அந்தக் கல் இனி அறுக்காது, வழுக்கும். பெரிய கல்லில் அந்தப் பளபளப்பு கொஞ்சமும் இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கல்லைத் துடைத்து வைத்திருக்கிறார். சிறிய கல்லும் பளபளக்கவில்லை, காரணம் வேறு. எழுத்துகள் இன்னும் ஆழமாக இருக்கின்றன. அதை அவர் பாவிக்கவே இல்லை. புதிய கல்லை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய கல்லிலேயே தீட்டியிருக்கிறார்.

நான்காவது, மட்டம். இதுதான் பிரதானமானது. சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருக்க வேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகுதான், தீட்டுபவரின் கை அல்ல. அப்படியானால் கல் கண்ணாடிபோல மட்டமாக இருக்க வேண்டும். நடு குழிந்த கல்லில் நேர்வாய்க் கத்தியின் நடுப்பகுதி தொடாமல் நிற்கும். இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்திக் கல்லின் மேல் நிறுத்தி, பின்னால் டோர்ச் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தாராளமாக வந்தது. எவ்வளவு ஆழம்? என்னிடம் நுண்ணளவுக் கருவி இல்லை. பரீட்சைத் தாள் அச்சிடும் 80 கிராம் கடதாசி ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. கீலமாக வெட்டி ஒவ்வொன்றாக நுழைத்தேன். நீளவாட்டில் 23 கீலம் போனது. அகலவாட்டில் 8. அதாவது நீளத்தில் 2 மில்லிமீற்றருக்கு மேல், அகலத்தில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஓரத்தில் 6 மில்லிமீற்றர் இருக்கும் மஞ்சள் படலம் நடுவில் 4க்கும் கீழே வந்துவிட்டது.

சந்தைக் கணக்கில் இது பழுதுதான். கொழும்பு வியாபாரி சொன்னது பிழையில்லை.

ஆனால் கத்தியை எடுத்துக் குழிக்குள் குறுக்கே வைத்தபோது என் கணக்கு தடுமாறியது. வெளிச்சம் வரவில்லை. கத்தியின் வாய் நேராக இல்லை, மெல்லிய பிறைபோல வெளியே வளைந்திருந்தது. அந்த வளைவு கல்லின் குழிக்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. வருடக்கணக்காகக் கத்தி கல்லைத் தின்ன, கல் கத்தியைத் தின்ன, இரண்டும் ஒன்றின் உருவத்தை மற்றது எடுத்திருக்கின்றன. இந்தக் கத்திக்கு உலகத்தில் பொருந்தும் கல் இது ஒன்றுதான். புதிய ஸ்வாட்டி ஏன் தொடப்படாமல் கிடந்தது என்பதும் அப்போது விளங்கியது. மட்டமான கல்லில் இந்தக் கத்தியின் நடு மட்டுமே படும், இரு முனையும் தூக்கி நிற்கும்.

நல்ல கல்லா, பழுதான கல்லா என்று பேரன் கேட்டார். வேறு எந்தக் கத்திக்கும் இது பழுதான கல். இந்த ஒரு கத்திக்கு நல்ல கல்.

மட்டமாக்குவதா?

தேய்ந்த கல்லை மட்டமாக்குவது எளிது. தடித்த கண்ணாடியில் நீர்படு அரத்தாளை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கீறி, கோடுகள் முழுவதும் அழியும் வரை தண்ணீர் விட்டு உரச வேண்டும். ஓரங்களில் முதலில் அழியும், நடுவில் கடைசியாக. அரை நாள் வேலை. மஞ்சள் படலத்தில் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும், இன்னொரு தலைமுறைக்குப் பாவிக்கலாம். விலையும் கூடும். ஆனால் உரசும்போது வெள்ளைக் குழம்பாக வழிந்து போவது ஓரக்கல் மட்டுமா? அந்தக் குழியைப் போட்ட கையின் ஒரே பதிவும் அதோடு போய்விடும்.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சுன்னத்து வைத்தவர் இந்தக் கல்லுக்குரியவர்தான். எனக்கு ஏழு வயது. பைத்து ஓதும் சத்தத்துக்கு நடுவிலும் பக்கத்து அறையில் கத்தி கல்லில் போய்வரும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. போகும்போது ஒரு சத்தம், வரும்போது இன்னொரு சத்தம். அவர் கை என் நெற்றியில் சூடாக இருந்தது. "மனே, மேல பாருங்க, கூரைல பல்லி எத்தின இரிக்கி?" என்றார். நான் எண்ணி முடிக்கவில்லை. பிறகு விருந்து நடந்தது. ஆறேழு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். ஒஸ்தா மாமாவுக்கு விறாந்தையில் தனிக் கோப்பையில் சோறு வைக்கப்பட்டது. வைத்தது என் வாப்பா. அவர் கெட்ட மனிதர் அல்லர், ஐந்து வக்தும் தொழுதவர். அவருக்கு அது பிழையென்றே தெரியவில்லை. பாயில் படுத்துக்கொண்டு கதவிடுக்கால் நான் பார்த்தேன். எனக்கும் அன்று அது பிழையாகத் தோன்றவில்லை. பேரன் என் வீட்டு விறாந்தையிலேயே நின்றதைக் கண்டபோதுதான் அந்தக் கோப்பை எனக்கு ஞாபகம் வந்தது.

ஜில்லெட்டின் மாற்று அலகு 1903 இல் விற்பனைக்கு வந்தது. அது வீட்டுச் சவரத்தை மாற்றியதே தவிர ஒஸ்தாவின் கையிலிருந்து கத்தியைப் பறிக்கவில்லை. நம் ஊர்களில் கல்லும் வாரும் ஓய்ந்தது மிகப் பிந்தி, எயிட்ஸ் பற்றிய பயம் பரவி ஆளுக்கொரு அலகு என்று ஆன பிறகு. சுன்னத்து வைத்தியரிடம் போனது. தொழில் போய்விட்டது, தொழிலின் பெயரால் வந்த தாழ்வு மட்டும் போகவில்லை. அதனால்தான் ஒரு மகன் தன் வாப்பாவின் கல்லைக் கடலில் எறிய நினைக்கிறார். அவர் எறிய விரும்புவது கல்லை அல்ல என்று நாம் அறிவோம். வியல்சால்ம் பகுதியில் சால்ம்ஷாத்தோ என்ற கிராமத்தில் இந்த மஞ்சள் கல்லுக்கென்றே ஒரு நூதனசாலை வைத்திருக்கிறார்கள். தோண்டியவர்களின் ஊர் அதைக் கொண்டாடுகிறது. தீட்டியவர்களின் ஊரில் அது வெட்கமாகக் கிடக்கிறது.

மூன்றாம் வாரம் பேரன் வந்தார். இம்முறை உள்ளே வந்து இருக்கச் சொல்லி நான் விடாப்பிடியாக நின்றேன். அடிமட்டத்தையும் கடதாசிக் கீலங்களையும் கொடுத்து அவரையே அளக்க வைத்தேன். கடைசியாகக் கத்தியைக் குழிக்குள் வைத்துக் காட்டினேன். அவர் தொழில்காரர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலால் குழியைத் தடவிப் பார்த்தார்.

"மட்டமாக்குவமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சேர். கிடந்தாப்பல கிடக்கட்டும்."

வாசகர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் ஊர்களிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். கழுவாதீர்கள், மட்டமாக்காதீர்கள், கத்தியையும் கல்லையும் பிரித்து விற்காதீர்கள். பசை விட்ட மூலையைத் துணியால் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். யார் பாவித்தது, எந்தத் தெரு, எத்தனை தலைமுறை என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பெயரையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நான் பெயரை எழுதவில்லை. அவருடைய பேத்திக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. அது அந்தக் குடும்பத்தின் குறையாகப் பேசப்படுகிறது. பெண் பார்க்கப் போகும் வீடுகளில் நமது வீடுகளும் இருக்கின்றன.

பெட்டி இப்போது சலூனில், கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் இருக்கிறது. மூடி திறந்தபடி.